கேப்டன் அக்காவின் முதல் கப்பல்

தைவானின் கீலுங் துறைமுக வாசலில் இருபத்திரண்டு வருடமாக டாக்சி ஓட்டும் சூ-யுவானுக்குச் சுற்றுலாக் கப்பல்களைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவள் வண்டியில் ஏறுகிறவர்களின் நம்பிக்கை. எந்தத் தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு, முதல் நாள் மதியம் எந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் இருக்காது, இறங்குகிற ஊரில் பஸ்ஸுக்கு நிற்கலாமா நடக்கலாமா, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து கப்பல் வாசலுக்கு நாலே நிமிடம்தான். அந்த நாலு நிமிடத்துக்குள் அவள் சொல்லி முடித்துவிடுவாள்.

"பெரிய பெட்டிய அவங்க கையில குடுத்தா அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிடும். மாத்திரை, மாத்துத்துணி, குளிக்கிற உடுப்பு எல்லாத்தையும் கைப்பையில வெச்சுக்குங்க. அறைச் சுவர் பூராவும் இரும்பு. நாலு காந்தம் கொண்டுபோனா தொப்பியக்கூட மாட்டிக்கலாம்."

ஏறியவர்கள் மலைத்துப்போவார்கள். அவளுக்குக் கேப்டன் அக்கா என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. கேப்டன் அக்கா இதுவரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. பயணம் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்து சலித்துக்கொண்டதையும் பீற்றிக்கொண்டதையும் அப்படியே மனசில் வாங்கி வைத்து, அடுத்து ஏறுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். 'நான் போயிருக்கேன்' என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. 'போயிருக்கீங்களா?' என்று யாரும் கேட்டதும் இல்லை.

அந்த வருடம் டாக்சி ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு விருந்தில் குலுக்கல் சீட்டு எடுத்தார்கள். முதல் பரிசு, இரண்டு பேருக்கு ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்கு நான்கு நாள் கப்பல் பயணம். சூ-யுவானின் எண்தான் வந்தது. அவள் மேடையேறினாள். கீழே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஆ-ஷெங், கோழிக்கால் ஒன்றைக் கடித்தபடியே சத்தமாகச் சிரித்தான். அவன் ரயிலடிக்குப் பின்னால் பூட்டுக்கடை வைத்திருந்தான். பேச்சு கம்மி, கிண்டல் ஜாஸ்தி.

"கேப்டனம்மா, இனிமே உன் சாயம் வெளுத்துடும்" என்றான் வீட்டுக்குப் போகும் வழியில்.

"என்ன சாயம்? எனக்குத் தெரிஞ்சது எல்லாம் சரியா இருக்கானு பாக்கத்தானே போறேன்."

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமான தூறலில், இருவரும் கப்பலேறினார்கள். ஐந்தாம் தளம், நடுவில், ஜன்னல் இல்லாத அறை. ஆட்டம் பிடிக்காதவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று எத்தனையோ பேரிடம் சொன்ன அறை. கதவை அட்டையால் திறந்து உள்ளே போனால், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கும்மிருட்டு. சூ-யுவான் சுவரைத் தடவினாள். விசையை அழுத்தினாள். இன்னொன்றையும் அழுத்தினாள். ஒன்றும் எரியவில்லை.

"பரிசு அறைங்கிறதால கரண்ட் இல்லாததைக் குடுத்துட்டாங்களா?" என்று முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், மெலிந்த உருவமும் சிவப்புத் தொப்பியுமாக ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை வென். இரண்டு தடவை சூ-யுவானின் வண்டியில் துறைமுகத்துக்கு வந்தவர். கப்பலில் போகும் தம்பி குடும்பத்தை வழியனுப்ப வந்தவர், இந்தத் தடவை தாமே தனியாகக் கிளம்பியிருந்தார்.

"கேப்டன் அக்கா! நீங்களேதானா! எதிர் அறை எனக்கு. நீங்க இந்தப் பக்கம் வர்றதைப் பாத்ததும் உயிரே வந்துச்சு. என் அறையில விளக்கு எரிய மாட்டேங்குதும்மா, எப்படிப் போடறது?"

சூ-யுவான் மறுபடி விசையைத் தடவினாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சொன்னவர்களில் ஒருவரும் விளக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன விஷயத்தை யார் சொல்வார்கள்?

இதற்குள் பூட்டுக்காரனின் விரல் கதவருகே இருந்த ஒரு சின்ன இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டது. ஆ-ஷெங் அட்டையை அதில் சொருகினான். அறை முழுக்க வெளிச்சம்.

"நீ போன வாரமே சொன்னியே" என்றான் மனைவியைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "கதவுப் பக்கத்து இடுக்குல அட்டையைச் சொருகினாத்தான் கரண்ட் வரும்னு. நான்தான் மறந்துட்டேன்."

வென் டீச்சர் நன்றி சொல்லிப் போனபின் சூ-யுவான் கட்டிலில் உட்கார்ந்து கணவனையே பார்த்தாள்.

"என்ன பாக்கிற?"

"ஒண்ணுமில்ல. தொப்பிய மாட்டு. காந்தம் பையில இருக்கு."

காந்தம் பிசகவில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு தொப்பி, சாப்பாட்டு நேரம் அச்சடித்த தாள், ஆ-ஷெங்கின் மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் தாங்கியது. ஜன்னல் இல்லாத குறைக்கு, கப்பலின் முன்பக்கக் கடலைக் காட்டும் டி.வி. சேனலைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டாள். அதுவும் சொன்னபடியே இருந்தது. கழிவறையில் தண்ணீர் இழுத்தபோது வந்த உறுமலுக்கு மட்டும் அவள் ஒரு கூப்பாடு போட்டாள். ஆ-ஷெங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இரவு விருந்துக்கு அவர்களுக்கு ஒதுக்கிய மேஜையில் வென் டீச்சரும், தாவ்யுவான் ஊரைச் சேர்ந்த ஹோ என்பவரும் அவர் மனைவி மெய்-சூவும் இருந்தார்கள். ஹோ லாரி உதிரிபாகம் விற்கிறவர். ஆள் குண்டு, மனசும் அதே அளவு. வென் டீச்சர் விடவில்லை. சூ-யுவானை ஏதோ மந்திரியை அறிமுகப்படுத்துவதுபோல் அறிமுகப்படுத்தினார்.

"இவங்களுக்குத் தெரியாத கப்பலே இல்லை."

ஹோவின் கண் விரிந்தது. "அப்படின்னா அக்கா, ஒரு சந்தேகம். இந்தப் பட்டியல்ல ஆட்டுக்கறியும் இருக்கு, மீனும் இருக்கு. ஒண்ணுதான் கேக்கணுமா?"

"ரெண்டும் கேளுங்கண்ணே. மூணு கேட்டாலும் கொண்டுவருவாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஹோ கேட்டார். பரிமாறும் பிலிப்பைன்ஸ் பெண் சிரித்துக்கொண்டே இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப்பின் ஹோவுக்கு அவள் சொன்னதெல்லாம் வேதம்.

"நாளைக்கு ஒகினாவாவுல, நாஹா துறையில இறங்கறோம். எப்படிக்கா?" என்றாள் மெய்-சூ.

"அடிச்சுப் பிடிச்சு முதல்ல இறங்கவே கூடாது. விரல் ரேகை எடுக்க, முகத்தைப் படம் எடுக்கன்னு வரிசை நீளும். நிதானமா காலை ஆகாரம் சாப்பிட்டுட்டு இறங்கறதுக்குக் குடுத்த நம்ம நிறச் சீட்டைக் கூப்பிடும்போது போவோம். பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். துறையிலேருந்து ஊருக்குப் பொடிநடையா இருபது நிமிஷம்."

ஆ-ஷெங் சூப்பைக் குடித்தபடி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கவனிக்கவில்லை. அந்த மேஜையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாள் காலை எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. அவசரப்பட்டவர்கள் வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்க, இவர்கள் ஐந்து பேரும் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள். மெய்-சூவின் பையில் இரண்டு பன்றிக்கறி பன் இருப்பதைச் சூ-யுவான் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"கறியோ பழமோ ஜப்பானுக்குள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. இப்பவே தின்னு தீத்துடுங்க."

ஹோ நின்ற இடத்திலேயே இரண்டையும் விழுங்கினார். பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் தலைகுனிந்து வணங்கினார்.

கட்டடத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு முன்னூறு பேர் வெயிலில் நின்றார்கள். ஐவரும் அவர்களைத் தாண்டி நிமிர்ந்த தலையோடு நடந்தார்கள். சூ-யுவான் முன்னால், வென் டீச்சர் அவள் பக்கத்தில். இருபுறமும் சரக்குப் பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருந்தன. பூக்கடையும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. பத்து நிமிடம் நடந்தபின் ஒரு இரும்பு வாயில் வந்தது. தலைக்கவசம் போட்ட காவலர் ஓடிவந்து இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே பெருக்கல் குறிபோல் வைத்தார்.

வென் டீச்சருக்குக் கொஞ்சம் ஜப்பானிய மொழி தெரியும். காவலரிடம் பேசிவிட்டுத் திரும்பினார். "இது சரக்குத் துறையாம். பெரிய கப்பல் வந்தா இங்கதான் கட்டுவாங்களாம். நடந்து வெளிய போக அனுமதியே இல்லையாம். பஸ், இல்லைன்னா டாக்சி. நடக்கிற துறை வேற ஒண்ணாம், சின்னக் கப்பலுக்கு."

ஹோ வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். மெய்-சூ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். அவர்கள் கோபப்படாததுதான் சூ-யுவானுக்குத் தாங்கவில்லை. ஒருவர் திட்டியிருந்தால்கூட சமாளித்திருப்பாள்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தான் ஆ-ஷெங்.

"நீ சும்மா இரு" என்றாள் அவள். பிறகு மற்ற மூவரையும் பார்த்துச் சொன்னாள். "எனக்குக் கப்பலைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான் வந்ததே இதுதான் முதல் தடவை. வண்டியில ஏறுறவங்க சொல்றதைக் கேட்டு, அடுத்தவங்களுக்குச் சொல்லுவேன். அவ்வளவுதான். நேத்து விளக்கு எப்படிப் போடறதுன்னுகூட எனக்குத் தெரியல. இவருதான் கண்டுபிடிச்சாரு. உங்களை வெயில்ல இவ்வளவு தூரம் நடக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

முதலில் சிரித்தது வென் டீச்சர். தொப்பி கழன்று விழும்படி சிரித்தார். "ஏம்மா, முப்பத்தஞ்சு வருஷம் புவியியல் பாடம் நடத்தினேன். தைவானை விட்டு வெளிய நான் கால் வைக்கிறது இன்னிக்குத்தான்!"

ஹோவும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அக்கா, ரெண்டு தட்டு கேக்கலாம்னு சொன்னீங்க பாருங்க, அது ஒண்ணே போதும் எனக்கு."

திரும்பி நடந்தார்கள். பஸ் வரிசை முன்பைவிட நீண்டிருந்தது. ஆனால் ஓரத்தில், ஒரு மர நிழலில், பெரிய டாக்சி ஒன்று தனியாக நின்றது. ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். வெளியே நின்று இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிப் பின்னால் வளைந்துகொண்டிருந்தார். சட்டை தூக்கியபோது முதுகில் வலிக்கு ஒட்டிய பிளாஸ்திரி தெரிந்தது. இருக்கையில் மரமணி கோத்த விரிப்பு.

சூ-யுவானின் முகம் மாறியது. இது அவளுக்குத் தெரிந்த இடம்.

நேராக அவரிடம் போனாள். கைப்பையிலிருந்து தன் டாக்சி ஓட்டுநர் அட்டையை, படம் போட்டதை, எடுத்து நீட்டினாள். பிறகு திரும்பி நின்று தன் இடுப்பைத் தட்டிக்காட்டினாள். அங்கேயும் அதே பிளாஸ்திரி. அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "ஓ! ஓ!" என்று கூவி, வண்டிக்குள் மாட்டியிருந்த தன் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். அகமினே என்பது அவர் பெயர். இரண்டு படத்திலும் இருவருக்கும் இப்போதைவிட முடி அதிகம். அதைச் சுட்டிக்காட்டி இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"கேளுங்க டீச்சர்" என்றாள் சூ-யுவான். "சுற்றுலாக்காரங்க சாப்பிடற இடம் வேண்டாம். இவரு மதியம் எங்க சாப்பிடுவாரோ அங்க போகணும்னு சொல்லுங்க. கப்பல் கிளம்ப ரெண்டு மணி நேரம் முன்னாடி இங்க கொண்டுவந்து விடணும். கப்பல் கடிகாரம் நம்ம ஊர் நேரம், இங்க ஒரு மணி நேரம் கூடுதல். அதையும் எழுதிக் காட்டிடுங்க, தப்பு வரக்கூடாது."

வென் டீச்சர் பாதியைப் பேச்சிலும், பாதியை ஜப்பானியரும் படிக்கிற சீன எழுத்தில் தாளிலுமாகச் சொன்னார். அகமினே படித்துப் படித்துத் தலையாட்டினார்.

சூ-யுவானை அவர் முன்னிருக்கையில்தான் உட்காரச் சொன்னார். அங்கே வண்டிகள் இடதுபக்கம் ஓடும், தைவானில் வலதுபக்கம். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்திருக்க, கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்தாள். அகமினே அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பின்னாலிருந்து ஆ-ஷெங் சொன்னான்: "இன்னும் நல்லா மிதி. தரையில ஓட்டை விழட்டும்."

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வாசலில் ஏழெட்டு டாக்சி நின்ற கடை. பன்றி விலா போட்ட நூடுல்ஸ். ஹோ முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கிண்ணம் கேட்க அவருக்கு யாரும் அனுமதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையிலிருந்த ஓட்டுநர்களுக்கெல்லாம் அகமினே அவளைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வணங்கினார்கள். அவளும் எழுந்து எழுந்து வணங்கியதில் நூடுல்ஸ் ஆறிவிட்டது. அப்புறம் பாலத்தடியில் இருந்த சின்னக் கடற்கரையில் வென் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார். மெய்-சூ படம் எடுத்துத் தள்ளினாள். ஆ-ஷெங் ஒரு பழைய பூட்டுக்கடையைக் கண்டுபிடித்து அரைமணி நேரம் காணாமல் போனான்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அகமினே அவர்களைத் துறையில் இறக்கினார். தாளில் எழுதி ஒத்துக்கொண்ட கட்டணத்துக்கு மேல் வாங்க மறுத்தார். சூ-யுவான் பையைத் துழாவி, கீலுங்கிலிருந்து கொண்டுவந்த வலிப் பிளாஸ்திரிக் கட்டு ஒன்றைப் பிரிக்காமல் அவர் கையில் வைத்தாள். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கப்பல் கிளம்பும் நேரம் ஐவரும் மேல்தளத்துக் கம்பியோரம் நின்றார்கள். வடங்கள் கழன்றன. தண்ணீர் விரிந்தது.

"அங்க பாரு!" என்று ஆ-ஷெங் கத்தினான்.

வேலிக்கு வெளியே, சாலையோரத்தில், அந்தப் பெரிய டாக்சி. நான்கு பக்கமும் மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கூரைமேல் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையில் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு அகமினே ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சூ-யுவான் கைப்பேசியின் விளக்கைப் போட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். ஹோ இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். வென் டீச்சர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, அவர் கவலைப்படவில்லை. சிமிட்டும் விளக்கு புள்ளியாகிக் கரையோடு சேர்ந்து மறையும்வரை சூ-யுவான் கையை இறக்கவே இல்லை.

"கை வலிக்கலையா?" என்றான் ஆ-ஷெங்.

"வலிக்குது."

"அப்ப வா. சாப்பாட்டுக் கூடம் திறந்துட்டாங்க. இன்னிக்கு இறாலாம். ஹோ அண்ணன் பாதி படி இறங்கிட்டாரு."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, சிரித்துக்கொண்டே அவள் படியிறங்கினாள்.