அவரையும் பீர்க்கும் ஓடிய ஓட்டம்

தச்சருக்குத் தெருவில் வைத்த பெயர் கோணல். யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், "கோணல்" என்பார், அவ்வளவுதான். கதவு, ஜன்னல், அரசாங்கம், மருந்துக்கடைக்காரன் கொடுக்கிற மாத்திரை, எல்லாமே அவருக்குக் கோணல். மகளைக் கட்டிய மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர், எத்தனையோ ஹாரன் சத்தம் கேட்டவர். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன், பல்கூடத் தேய்க்காமல் தினம் காலையில் பட்டறைக்குப் பின்பக்கம் ஓடினார் என்றால் அதற்குக் காரணம் இரண்டு கொடிகள்.

பட்டறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் மகள் தையல் கடை வைத்திருந்தாள். போன கோடையில் தகரம் காய்ந்து உள்ளே இருந்தவர்கள் அவிந்துபோனார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். இந்த வருஷம் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் கூரைக்கு நிழல் வரவேண்டும். வராவிட்டால் ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடை காலியாக இருக்கிறது, மிஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

"போயேன். யாரு உன்னப் புடிச்சு வச்சிருக்கா?" என்றார் தச்சர். சொல்லிவிட்டு அன்று முழுக்க ஒரே பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார். பலகை அட்டையாகிவிட்டது. மகள் போய்விட்டால் பொழுது விடிந்து பொழுது சாய்கிறவரை சண்டை போட அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கூரைமேல் பலகை அடித்தால் கொட்டகையே உட்கார்ந்துவிடும். கொடி ஏற்றுவது ஒன்றுதான் வழி. சுவரோரம் நீளமாக ஒரு மரத்தொட்டி அடித்து மண் நிரப்பி, ஒரு கோடியில் தன் கையால் அவரை விதை போட்டார். மாப்பிள்ளை கொஞ்ச நாள் கழித்துச் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பீர்க்கங்கன்றை வாங்கிவந்து மறுகோடியில் வைத்தார். நாற்றுக்காரர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் தொட்டி மண் இரண்டு கொடிக்கும் கடைசிவரை காணாது, ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். எது உயரமாக நிற்கிறது என்று பார்க்காமல், எது தினமும் அதிகமாக ஏறுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

"விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்றார் தச்சர். அவரைக்கொடி அவர் இடுப்புக்கு வந்திருந்தது. பீர்க்கு முழங்காலைத் தாண்டவில்லை. கண் இருக்கும்போது கணக்கு எதற்கு? ஆனாலும் மாப்பிள்ளை வாயை அடைக்க வேண்டுமே என்று அளக்கச் சம்மதித்தார். அளப்பது மட்டும் அவர்தான். மகளின் துணி டேப் கழுத்தில் தொங்கித் தொங்கி நீண்டுபோனது, அதை நம்பி ஒரு கர்சீப்கூடத் தைக்க முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

அவருடைய இரும்பு டேப் லட்சணம் என்னவென்றால், முனை ஒடிந்து முதல் நாலு அங்குலம் நசுங்கிக் கிடந்தது. புதிது வாங்கமாட்டார், புதிதையும் நம்பமாட்டார். நாலாம் அங்குலத்தைத் தொட்டி விளிம்பில் வைத்து அளப்பார், காதில் செருகிய பென்சிலை எடுப்பார், வந்ததில் நாலைக் கழித்துச் சுவரில் எழுதுவார். வருஷக்கணக்கில் இதுதான் பழக்கம். பென்சில் கையில் இருந்தால் கழித்தல் தானாக வரும்.

பத்து நாளில் தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. டயர் கடைக்காரர் பீர்க்குக் கட்சி. எதிர்வீட்டு நர்ஸம்மா அவரைக் கட்சி, டியூட்டிக்குப் போகிற வழியில் நின்று அன்றைய நிலவரம் கேட்காமல் பஸ் ஏறமாட்டார். அவரை முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஆனால் நடை தளர்ந்துவிட்டது. பீர்க்கு பின்னால் இருந்தாலும் பாய்ச்சலில் வந்தது. தச்சருக்கு அது தெரியாமல் இல்லை. வெளியே காட்டிக்கொள்வாரா?

வெயில் முறைக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு என்று பேசிக்கொண்டார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது அதிகம் ஏறியதோ அது நிற்கும், மற்றது போகும்.

பின்பக்கம் கால் வைக்க இடமில்லை. தச்சர் முதலில் பீர்க்கை அளந்து எழுதினார். நேற்று முப்பத்தெட்டு, இன்று நாற்பத்து மூன்று. ஐந்து அங்குலம். டயர் கடைக்காரர் விசிலே அடித்துவிட்டார். தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவரையிடம் போனார்.

"மாமா, மூச்ச விட்டுடாதீங்க. உங்க ஆளு அந்தக் காத்துல சாஞ்சுடப் போறாரு" என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான், தச்சருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. டேப்பை வைத்தார், இழுத்தார், பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"அறுபத்தேழு! நேத்து அறுபத்தொண்ணு. ஆறு அங்குலம்! இப்ப யாரு சாஞ்சாங்க மாப்ள?"

நர்ஸம்மா கை தட்டினார். தச்சர் டயர் கடைக்காரரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். இந்தக் கொடிக்கு வயசாகி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று டயர் கடையில் சொன்ன வாய் எங்கே, அதைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்கள் என்றெல்லாம் பேசினார். அவர் அத்தனை பேசி யாரும் பார்த்ததில்லை. மகள் துணி வெட்டுகிற கத்தரியால் செடியைத் தொடமாட்டாள். அப்பாவின் மேசையிலிருந்து ஓர் உளியை எடுத்துவந்து பீர்க்கின் அடியில் குந்தினாள். தன் உளியை அடுத்தவர் தொட்டால் கூரை பறக்கக் கத்துகிறவர், அதைக்கூடக் கவனிக்கவில்லை.

சுவரில் எழுதவேண்டியது பாக்கி. பென்சிலை எடுத்தார். கை அதன்பாட்டுக்கு எழுதியது: அறுபத்து மூன்று.

தச்சர் சுவரைப் பார்த்தார். அழிக்க விரலைக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது. முதுகுக்குப் பின்னால் தெரு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. சுவரை அவர் உடம்பு மறைத்திருந்தது, ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் சும்மா நின்றால் போதும், பீர்க்கு போய்விடும், அவர் ஜெயித்துவிடுவார். தளர்ந்த அவரை பாதிக் கூரையில் படுத்துக்கொள்ளும். வெயில் வரும். மிஷின்கள் வண்டி ஏறும்.

"ஏய், கைய எடு!" என்று போட்ட சத்தத்தில் மகள் உளியைக் கீழே போட்டாள். "வெட்டாத. நான் நாலு கழிக்கல. அவரை ரெண்டுதான் ஏறியிருக்கு."

மாப்பிள்ளை கிட்டே வந்து சுவரை எட்டிப் பார்த்தார்.

"டேப்புக் கோணலா மாமா?"

"நான்தான்டா கோணல். போதுமா? அம்மாடி, உன் டேப்ப எடு. நீ அள."

மகள் கழுத்திலிருந்து டேப்பை உருவி இரண்டையும் அளந்தாள். அரை அங்குலம் முன்னே பின்னே வந்தது, ஆனால் சங்கதி அதேதான். பீர்க்கின் ஓட்டத்தில் அவரைக்குப் பாதிகூட இல்லை. தச்சர் குனிந்து, தான் போட்ட அவரையைத் தன் கையாலேயே வேரோடு பிடுங்கினார். நர்ஸம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை, நல்ல கொடி, நல்ல கொடி என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

தொட்டி முழுக்கத் தனக்கு என்றானதும் பீர்க்கு பிடித்த வேகத்தை எழுதி மாளாது. காலையில் கட்டின கயிறு மாலையில் பத்தவில்லை. தகரத்தில் ஏறி, இலையை உள்ளங்கை அகலத்துக்கு விரித்து, பக்கவாட்டில் கிளை விட்டுப் பரவியது. வெயில் முழுசாக வந்த அன்று வெயிலுக்குக் கூரையில் இறங்க இடமில்லை.

அன்று மத்தியானம் தச்சர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் போனில் பேசும் சத்தம் கேட்டது. ரம்பத்தைப் பாதி அறுப்பில் நிறுத்திக் காதைத் தீட்டினார்.

"இல்லங்க, கடை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் வரல... இல்ல இல்ல, வாடகையெல்லாம் ஒண்ணுமில்ல. இங்கயே நல்லா இருக்கு."

தச்சர் மரத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"மாப்ள! அந்த ஏணிய எடுங்க. பீர்க்கு நுனி அந்தப் பக்கம் தொங்குது. சாயந்தரத்துக்குள்ள பட்டறைக் கூரைக்கும் கயிறு இழுக்கணும், வாங்க, வாங்க!"