தறி நின்ற நாற்பது நொடி

அபிகாயில் முதன்முதலாக ஒரு முழுநீளப் படத்துக்கு இசையமைத்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். மிச்ச நேரத்தில் கல்யாண வீடியோக்களுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் பின்னணி இசை செய்து கொடுப்பாள். அதற்காகவே வீட்டின் பின்னறையில் ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தாள். அந்த அறையில் பிறந்த இசை எத்தனையோ பேர் வீட்டு டிவியில் ஓடியிருக்கிறது. எதிலும் அவள் பெயர் வந்ததில்லை.

அந்தக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தருகிறவன் அச்சுத். திருப்பதிக்காரன். அவன் அப்பாவும் அண்ணனும் மலைமேல் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள்; இவன் மட்டும் கீழே, கம்ப்யூட்டர் முன்னால். பத்து வருஷமாக இருவரும் சேர்ந்து வேலை செய்தும், பெரும்பாலும் போனில்தான் பேச்சு. ஒருநாள் அவன் கூப்பிட்டு, "அபிகாயில், நான் படம் எடுக்கப்போறேன். மியூசிக் நீங்கதான்," என்றபோது அவள் விளையாட்டு என்று நினைத்து, "சரே, செய்யலாம்," என்று சொல்லிவிட்டு சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் அவன் எடுத்தேவிட்டான். நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒரு தாயின் கதை. மகள் ரூபா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். நான்கு மாதம் கழித்து அவளிடமிருந்து தகவல் நின்றுபோகிறது. தாய் ஏஜெண்டைத் தேடி அலைகிறாள், போலீஸ் ஸ்டேஷன் படி ஏறி இறங்குகிறாள். ஒருநாள் அவள் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத நம்பரிலிருந்து போன் வருகிறது. நான்கு தறிகள் ஓடும் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தறியாக நிறுத்துகிறாள். நான்காவதும் நின்ற பிறகு போனைக் காதில் வைக்கிறாள். "அம்மா" என்று மகளின் குரல். இந்த ஒரு காட்சிக்காகத்தான் படமே.

தாயாக நடித்தவள் நடிகை இல்லை. லட்சுமம்மா என்று நகரியில் இருபத்தைந்து வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். அறுந்த இழையைப் பார்க்காமலே முடிச்சுப் போடத் தெரிந்த கை வேண்டும் என்று அச்சுத் தேடிக் கண்டுபிடித்தான்.

தறிகள் நிற்கும் அந்த இடத்துக்கு அபிகாயில் ஒரு பாட்டு செய்தாள். நான்காவது தறி நின்றதும் ஒரு வயலின் மெல்ல எழும். பின்னாலேயே ஏழு வயலின்கள். அதன்மேல் ஒரு பெண் குரல். சென்னைக்குப் போய், நிஜ வயலின்காரர்களை உட்கார வைத்து, ஒரே நாளில் பதிவு செய்துகொண்டு வந்தாள். அவர்களில் ஒரு பெரியவர் ஸ்வரம் எழுதிய பேப்பரை மடித்துக்கொண்டே, "யார் டியூன்மா இது?" என்று கேட்டதை வீட்டுக்கு வந்து தன் கணவன் கிளமென்டிடம் மூன்று தடவை சொன்னாள்.

தயாரிப்பாளர் சந்திரசேகருக்குப் புத்தூரில் கல்யாண மண்டபம். பாட்டைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கே அதைத் தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். "இந்தப் பாட்டு ஒண்ணு சாலும்மா, போதும். ஜனம் ஏடுஸ்தாரு, பாருங்க. அழாத ஆளே இருக்கமாட்டான்," என்றார்.

படம் முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் வந்தது. தறி நிற்கும் காட்சியில் லட்சுமம்மா பேசிய பேச்சு சரியாகப் பதிவாகவில்லை. அந்த ஷெட்டில் தறிகளை நிறுத்தினாலும் பக்கத்து ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்ததே, அந்தச் சத்தம் புகுந்துவிட்டது. டப்பிங் பேசவேண்டும். அதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை காலை அச்சுத் அவளைக் காரில் அழைத்துக்கொண்டு சித்தூர் வந்தான்.

லட்சுமம்மா மெத்தை அடித்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். டீ குடித்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டதும் தலையை அசைக்காமல் உட்கார்ந்துகொண்டாள். பேசவேண்டியது இரண்டே வார்த்தை. மகள் "அம்மா" என்றதும் "சொல்லு கண்ணு" என்று சொல்லவேண்டும்.

திரையில் காட்சி ஓடியது. தறிகள் நின்றன. பாட்டு எழுந்தது. ரூபாவின் குரல் வந்தது. லட்சுமம்மா பேசவில்லை.

"பரவாயில்லைம்மா. இன்னொரு தடவை போலாம்," என்றான் அச்சுத்.

இரண்டாம் தடவையும் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை மிகவும் தாமதமாகப் பேசினாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அபிகாயில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பொண்ணு குரல் கேக்கலையா?"

லட்சுமம்மா ஹெட்போனைக் கழற்றினாள். "கேக்குதும்மா. ஆனா பாட்டு ஓடிக்கினு இருக்குதே. முடியட்டும்னு பாத்துக்கினு இருக்கேன். ஒருத்தங்க பாடிக்கினு இருக்கச்சொல்ல நடுவுல பூந்து எப்படிப் பேசறது?"

அச்சுத் சிரித்துவிட்டான். அபிகாயிலும் சிரித்தாள். "அந்தப் பாட்டு உங்களுக்காகத்தாம்மா. உங்க மனசுல இருக்கறதத்தான் அது சொல்லுது."

"பாட்டு நல்லாத்தான் கீது," என்றாள் லட்சுமம்மா. கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எம் பொண்ணு பேசறது காதுல விழணும்னுதானே மிசினை நிறுத்தனேன்?"

அச்சுத் அவள் பக்கம் திரும்பினான். "நெஜமாவே மிசின் நின்னா எப்படிம்மா இருக்கும்?"

"கரண்டு பூட்டா எல்லாம் ஒண்ணா நிக்கும். காதுல ஙொய்ங்குனு இருக்கும். அப்பறம் பக்கத்துல இருக்கறவ மூச்சு வுடறதுகூடக் கேக்கும். எங்க வூட்டுக்காரருக்கு ஆக்சிடெண்டுன்னு ஒருத்தர் வந்து வாசல்ல நின்னாரு. மிசினை நிறுத்திட்டுத்தான் இன்னான்னு கேட்டேன். அவரு சொல்றதுக்குள்ள எவ்ளோ நேரம் ஆச்சுன்னு இப்பவும் தெரியல."

அபிகாயில் எழுந்துபோய், லட்சுமம்மாவின் ஹெட்போனுக்குப் பாட்டு போகாதபடி அதை மட்டும் நிறுத்தினாள். அடுத்த தடவையே, சரியான இடத்தில், அந்த இரண்டு வார்த்தைகள் வந்தன.

அச்சுத் அவளைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனான். அபிகாயில் பசியில்லை என்று உள்ளேயே இருந்துவிட்டாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. தறி ஓட்டுகிறவளுக்கு சினிமா இசையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டாள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, புதிதாகப் பேசிய குரலோடு காட்சியை ஓடவிட்டாள். கடைசித் தறி நின்றதிலிருந்து நாற்பது நொடி. முதல் தடவை பார்த்தபோது எதையோ திருடிக்கொண்டு போனமாதிரி வெறுமையாக இருந்தது. இரண்டாம் தடவை மூச்சுச் சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை லட்சுமம்மாவின் இடது கை கண்ணில் பட்டது. நின்றுபோன தறியின்மேல், பதறும் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல, அந்தக் கை அப்படியே படிந்திருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த காட்சி. அந்தக் கையை அவள் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் தன் வயலினைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த மெட்டு எப்போது வந்தது என்று யோசித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் அம்மா மேரிக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்தது. வராந்தாவில் ஆறு மணி நேரம் காத்திருந்தாள். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பயமில்லை," என்று சொன்ன நேரத்தில் வந்த மெட்டு என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள். தானும் அப்படியே நம்பியிருந்தாள். ஆனால் அந்த வராந்தாவில் மெட்டு எதுவும் வரவில்லை. டாக்டரின் செருப்புச் சத்தம்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மெட்டு வந்தது மறுநாள், மாற்றுத்துணி எடுக்க சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைத் தின்றுகொண்டே, ஒன்றுமே யோசிக்காமல் வந்துகொண்டிருந்தபோது வாய் தானாக முனகியது.

படத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது. மகளை அழைத்துவர லட்சுமம்மா நகரி ஸ்டேஷனில் ரயிலேறி சென்னைக்குப் போவாள். மூன்று நிமிடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை என்று அச்சுத் அதை அரை நிமிடமாக வெட்டிவைத்திருந்தான். அபிகாயில் வெட்டாத மூன்று நிமிடத்தையும் எடுத்து, அதில் பாட்டைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த அச்சுத் கதவருகிலேயே நின்று முழுவதையும் பார்த்தான்.

"அந்தப் பாட்டு தறி நிக்கற இடத்துல இடிக்குதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டாள்.

"சந்தேகம் இருந்துது."

"ஏன் சொல்லலை?"

"பத்து வருஷம் பேரில்லாம வேலை செஞ்சிருக்கீங்க. முதல் தடவையா உங்க பேர்ல ஒரு பாட்டு. அதைப் போய் எடுங்கன்னு எப்படிச் சொல்றது?"

"இனிமே சொல்லுங்க," என்றாள் அபிகாயில். "கோவம் வரும். வந்துட்டுப் போகட்டும்."

சந்திரசேகர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "க்ளைமாக்ஸ்ல பாட்டு இல்லன்னா ஜனம் எப்படிம்மா அழும்? ரயில்ல போறதுக்கு எதுக்குப் பாட்டு?" என்று கேட்டார்.

"போன்ல என்ன வரப்போகுதோன்னு அந்தம்மாவே பயந்துகினு நிக்கறாங்க சார். நம்ம பாட்டு முன்னாலயே அழுதுட்டா, அவங்களுக்குச் செய்ய ஒண்ணுமில்ல," என்றாள் அபிகாயில். "ரயில்ல அவங்க சந்தோஷமா இருக்காங்க. ஆனா அவங்களுக்கு அதைக் காட்டிக்கத் தெரியாது. அங்கதான் பாட்டு வேணும்."

அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் போன் செய்து, "பாட்டு உங்களுது, படம் அச்சுத்துது. நடத்துங்க," என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

முதல் காட்சி திருப்பதியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தியேட்டர் பாதி நிரம்பியிருந்தது. லட்சுமம்மாவோடு நகரியிலிருந்து பதினான்கு பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அபிகாயில் கடைசி வரிசையில் கிளமென்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தறிகளின் இரைச்சல் தியேட்டரை நிறைத்தது. போன் மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தறிகள் நின்றன. நான்காவதும் நின்றது. ஐந்து நொடி போயிருக்கும். முன்வரிசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கி, "சவுண்ட் லேது! ஆபரேட்டர், சவுண்டு!" என்று கத்தினான். இரண்டு மூன்று பேர் விசில் அடித்தார்கள். அபிகாயிலுக்குப் பாட்டை அங்கேயே விட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போது நகரிப் பெண்களில் ஒருத்தி, உரக்கக்கூட இல்லை, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வதுபோல, "சும்மா இருங்கய்யா, மிசின் நின்னுக்கீது," என்றாள்.

விசில் அடங்கியது. அந்த அமைதிக்குள் ரூபாவின் குரல் வந்தது. "அம்மா." தியேட்டரில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது அபிகாயிலுக்குத் தெளிவாகக் கேட்டது. "சொல்லு கண்ணு," என்றாள் திரையிலிருந்த லட்சுமம்மா. கத்தியவன் இருக்கையில் கீழே சரிந்து உட்கார்ந்துகொண்டான்.

ரயில் காட்சியில் பாட்டு வந்தபோது சந்திரசேகர் கண்ணாடியைக் கழற்றினார். படம் முடிந்து பெயர்கள் ஓடின. தன் பெயர் வந்ததை அபிகாயில் பார்க்கவில்லை. கிளமென்ட் தோளில் தட்டிச் சொல்லித்தான் தெரிந்தது.

வெளியே வெயிலில் லட்சுமம்மாவைச் சுற்றி நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அபிகாயிலின் கையைப் பிடித்தாள். "ரயில்ல நான் சும்மாதாம்மா குந்திக்கினு இருந்தேன். இவ்ளோ சந்தோஷமாவா இருந்தேன்?" என்று கேட்டாள். பிறகு, சாயந்திர ஷிஃப்டுக்குப் போகவேண்டும் என்று வேனைத் தேடிக்கொண்டு போனாள்.

படிக்கட்டில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டை முனகியபடி அபிகாயிலைக் கடந்து இறங்கினாள். இரண்டாவது வரியில் ஒரு ஸ்வரம் தப்பியது. மேலே போகவேண்டிய இடத்தில் அவள் கீழே இறங்கினாள். அபிகாயில் அதையே மனதுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.