நாற்பத்தெட்டாவது மாதம்

சலவை ஆலை நகரத்தை விட்டு முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போனதற்குக் காரணம் அங்கே நிலம் மலிவு. நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பில் மட்டும் ‘தூய காற்றை நோக்கி நம் குடும்பத்தின் பயணம்’ என்று போட்டிருந்தது. பயணம் யார் செலவில் என்று எழுதத் தாளில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அங்கே துவைப்பது ஆஸ்பத்திரித் துணிகள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சை அங்கி என்று மூட்டை மூட்டையாக வந்து ஓடும் பட்டையில் கொட்டும். ரத்தம் பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம் என்று பிரிப்பது முன்கூட்டி என்பவருடைய வேலை. நடுவில் கத்தரிக்கோல் வரும், மூக்குக் கண்ணாடி வரும், ஒரு தடவை முழுப் பல்செட்டே வந்தது. பத்தொன்பது வருடத்தில் கையில் ஊசி குத்தியது நாலே தடவைதான் என்பதை அவர் மெடல் வாங்கியவர் மாதிரிச் சொல்லுவார்.

முன்கூட்டி என்பது ஆலையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். ஏழு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்கு வந்து நிற்பார். மின்கட்டணச் சீட்டு வருவதற்கு முன்னாலேயே போய் எவ்வளவு என்று விசாரிப்பார். தன் கல்யாணத்துக்கே பெண் வீட்டாருக்கு முந்தி வந்து நாற்காலிகளைப் பிரித்துப் போட்டவர் என்று மச்சினன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவரை முதல் பேருந்து கவிழ்த்துவிட்டது. ஆறே காலுக்குக் கிளம்ப வேண்டியது, ஓட்டுநர் தேநீர் குடித்து முடிக்கும்போது கிளம்பும். ஆலை இடம் மாறிய முதல் மாதத்திலேயே அவருக்கு இரண்டு தாமதம் விழுந்தது. ஒரு வருடத்துக்குள் மூன்று தாமதம் என்றால் வேலை இல்லை என்பது புது இடத்தின் புது விதி. அதை நிறைவேற்றும் மேற்பார்வையாளருக்குக் கஞ்சி என்று பெயர். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி ஆள், எந்தப் பக்கமும் மடங்க மாட்டார். நான் எதுவும் செய்யவில்லை, விரல் வைக்கும் இயந்திரம் சொல்வதைத்தான் நான் சொல்கிறேன் என்பார். இயந்திரத்துக்குப் பேச வந்திருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது.

இரண்டாவது தாமதம் விழுந்த அன்று வீட்டுக்கு வந்து, ஒரு பழைய கார் வாங்கிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள். கடைவாய்ப் பல் இரண்டு சொத்தையாகி, அதற்காக ஒரு உறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கன்னத்தைக் கையால் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

“வேலையைக் காப்பாத்த வண்டி. வண்டியைக் காப்பாத்த வேலை. நடுவுல நம்மள யாருங்க காப்பாத்துறது?”

அதற்கும் சேர்த்துத்தான் யோசித்திருப்பதாக அவர் சொன்னார். யோசித்திருக்கவில்லை.

மூன்று வங்கிகள் அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு அவரை மரியாதையாக உட்காரவைத்து மரியாதையாக அனுப்பிவைத்தன. நாலாவதாகப் போன இடம் வங்கி இல்லை, வங்கி வேண்டாம் என்று தள்ளியவர்களை வாரிக்கொள்ளும் நிதி நிறுவனம். அங்கே இருந்த இளைஞனின் சட்டையில் ‘கனவு ஆலோசகர்’ என்று ஒரு வில்லை குத்தியிருந்தது. தாங்கள் கடன் கொடுப்பதில்லை, நம்பிக்கை கொடுக்கிறோம் என்று அவன் ஆரம்பித்தான். நம்பிக்கைக்கு வட்டி நூற்றுக்கு இருபத்தாறு. நாற்பத்தெட்டு மாதம், பதினோரு கையெழுத்து, ஒரு ஜாமீன்தாரர். கூடவே நம்பிக்கைக்குப் பாதுகாப்பாக, ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. தவணை தேதிக்கு மூன்று நாள் முன்னாலிருந்து அது கீச் கீச் என்று ஞாபகப்படுத்தும். தேதி தாண்டினால் வண்டி கிளம்பாது. நிறுவனம் அதற்கு ‘தோழன்’ என்று பெயர் வைத்திருந்தது.

ஜாமீன் போட்டது மச்சினன். அதே ஆலையில் உலர்த்தும் பகுதியில் வேலை, அவனுக்கும் அதே பேருந்து. வண்டி ஓட்டும் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவன், ஆகவே மாமா வண்டி வாங்கினால் தனக்கும் விடிவு என்று குஷியாக வந்தான்.

“மாமா, நீங்க ஒரு நாளும் லேட்டா கட்டுற ஆள் இல்ல. நான் கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போடுவேன்” என்றான். அப்படியே போட்டான். பதினோரு தாளில் ஒன்றைக்கூட அவன் படிக்கவில்லை.

வண்டியைத் தரகர் காட்டினார். பதினோரு வயதான கார். காகிதத்தில் வெள்ளி நிறம், வெயிலில் சாம்பல் நிறம். இடது பக்கக் கண்ணாடி கீழே இறங்காமலிருக்க ஒரு மரத்துண்டு செருகியிருந்தது. உள்ளே முந்தைய உரிமையாளரின் நாய் இன்னும் இருப்பது மாதிரி ஒரு வாசனை. ஒரே ஆள் ஓட்டிய வண்டி என்று தரகர் சத்தியம் செய்தார். ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் ஓட்டியிருப்பார், அதில் பொய் இல்லை.

ஆனாலும் மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. முன் இருக்கையில் மச்சினன், பின்னால், துணிக்கு இஸ்திரி போடும் உருளையில் வேலை செய்யும், ஆலையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண். அக்கா பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்தாள், கூடவே வழியெல்லாம் ஆலோசனையும் கொடுத்தாள். ஆறரைக்கு ஆலை வாசலில் வண்டி நிற்கும். முன்கூட்டி மறுபடியும் முன்கூட்டி ஆனார். விரல் வைத்துவிட்டுக் கஞ்சிக்கு ஒரு வணக்கம் போடுவார். அந்த வணக்கத்தில் மரியாதையைவிடக் கணக்குத் தீர்த்த திருப்திதான் அதிகம்.

சம்பளம் ஒன்றாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி. சம்பளம் கைக்கு வந்த அன்றே கட்டிவிடுவார். வண்டிக்குள் மற்றவர்கள் இருக்கும்போது தோழன் வாயைத் திறக்கக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு வைராக்கியம். நாலாவது மாதம் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆகவே நிர்வாகம் அதிசயமாகச் சனிக்கிழமையே சம்பளத்தைப் போட்டது. அன்று மாலையே போய்க் கட்டி, ரசீது வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க ஒரு மாதிரி தலை நிமிர்ந்தே நடந்தார்.

திங்கட்கிழமை காலை தோழன் கீச் கீச் என்றது.

“மாமா, கூப்பிடுது” என்றான் மச்சினன்.

“கட்டியாச்சு மாப்ள. அது கிறுக்குப் பிடிச்சுக் கத்துது.”

பின்னாலிருந்து அக்கா, எதற்கும் ஒரு தடவை கேட்டுவிடலாமே என்றாள். ரசீதை எடுத்துக் காட்டினார். முத்திரை இருந்தது, தொகை இருந்தது, கையெழுத்து இருந்தது. முத்திரை வைத்த காகிதத்தின் மேல் அவருக்குக் கடவுளைவிடக் கொஞ்சம் அதிக பக்தி உண்டு. செவ்வாய்க்கிழமை அது இன்னும் பலமாகக் கத்தியது. புதன்கிழமை ஆலையில் கழித்துப்போட்ட துவாலை ஒன்றைக் கொண்டுவந்து, நான்கு மடிப்பாக அந்தப் பெட்டியைச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரித் துவாலை கெட்டியான துணி. சத்தம் எங்கோ பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது போலக் கேட்டது, பிறகு அதுவும் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினார். வண்டி மூச்சு விடவில்லை.

மறுபடி திருப்பினார். மச்சினன் இறங்கிப் பேட்டரியைத் தட்டிப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அக்கா தெருமுனைக்கு ஓடி, அந்தப் பக்கம் தினமும் போகும் ரொட்டி வண்டியை மறித்தாள். ரொட்டிக்காரர் இரண்டு பேருக்குத்தான் இடம் என்றார். நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்று முன்கூட்டி சொன்னார். அதைத் தியாகம் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவருக்கு வண்டியைவிட்டு வர மனம் இல்லை. தவிர, பையில் ரசீது இருந்தது. ரசீதைக் காட்டினால் எந்த வாசலும் திறக்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

நிதி நிறுவனத்தின் உதவி எண் ஒன்பது மணிக்குத்தான் விழித்தது. அதற்குப் பிறகும் இருபது நிமிடம் ஒரு பெண் குரல் உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் கனவு ஆலோசகன் லைனுக்கு வந்தான்.

“சார், உங்க பணம் எங்ககிட்ட ரொம்பப் பத்திரமா இருக்கு சார்.”

“அப்ப வண்டி ஏன் கிளம்பல?”

“நீங்க முப்பதாம் தேதி கட்டிட்டீங்க சார். போன மாசத் தவணை ஏற்கனவே கட்டியாச்சு. அதனால இதை சிஸ்டம் கூடுதல் தொகைன்னு எடுத்துக்கிச்சு. கூடுதல் தொகை கடைசித் தவணையில போய் உட்கார்ந்துக்கும். உங்க பணம் இப்ப நாற்பத்தெட்டாவது மாசத்துல இருக்கு சார்.”

அவர் ரசீதை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

“தம்பி, நான் இந்த மாசத்துல நிக்கிறேன். ரோட்டுல.”

“புரியுது சார். அஞ்சாவது சரத்துல போட்டிருக்கு. ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி கட்டக்கூடாது சார்.”

கடன் வாங்கியவன் சீக்கிரம் கட்டக்கூடாது என்று ஒரு சரத்து இருக்கும் என்பது அவருடைய நாற்பத்தாறு வருட வாழ்க்கையில் எட்டாத ஞானம். அந்தப் பணத்தை இந்த மாதத்துக்கு மாற்றச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்கு மனு போட்டால் பதினைந்து வேலை நாளில் பரிசீலிப்பார்கள் என்று பதில் வந்தது. இன்றைக்கே கிளம்ப வேண்டுமென்றால் இந்த மாதத் தவணையைக் கட்ட வேண்டும், அதோடு பூட்டைத் திறக்கும் கட்டணம். பூட்டியதற்குக் கட்டணம் இல்லை, அது இலவச சேவை.

மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து அனுமதி கேட்டு வந்தாள். பல்லுக்கு வைத்திருந்த உறையை எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் கவுண்டருக்கு நடந்தே போனாள். அங்கே ‘உங்கள் புன்னகையே எங்கள் லாபம்’ என்று பலகை வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாள். பதினொன்று பத்துக்கு வண்டி கிளம்பியது.

ஆலை வாசலில் கஞ்சியே நின்றிருந்தார். முன்கூட்டி வண்டியைவிட்டு இறங்கும்போதே ரசீதைப் பிரித்துவிட்டார். தேதியைப் பாருங்கள், ஐந்து நாள் முன்னாலேயே கட்டியிருக்கிறேன், தப்பு அவர்களுடையது என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கஞ்சி முழுவதையும் கேட்டார். ரசீதையும் வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பணம் அவனுக்குக் கட்டின. சரி. நேரம் எனக்குல்ல கட்டணும்?”

பத்தொன்பது வருடம் என்று அவர் ஆரம்பித்தார். பத்தொன்பது வருடமும் பழைய ஆலையில், அந்த ஆலை இப்போது இல்லை என்று கஞ்சி சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை. வேண்டுமானால் உள்ளே போய் அலமாரியைக் காலி செய்துகொள்ளலாம், ஆனால் விரல் வைக்க வேண்டாம், இயந்திரத்திலிருந்து பேரை எடுத்தாகிவிட்டது என்றார். அலமாரியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் சோப்பும் இருந்தன. கையுறை கம்பெனிச் சொத்து என்று காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதத் தவணை தவறியதும் நிறுவனத்தின் கடிதம் மச்சினனுக்கு வந்தது. அப்போதுதான் அவன் அந்தப் பதினோரு தாள்களையும் படித்தான். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவனே போய்க் கேட்டான். ஏலத்தில் விட்டுக் கிடைத்ததைக் கழித்துக்கொண்டு மீதியை அவனிடமே வசூலிப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தால், ஏலத்தில் இந்த வண்டியை டயர் விலைக்குத்தான் எடுப்பார்களாம். கடனில் கால்வாசிகூட அடையாது. முன்கூட்டியின் மனைவியான தன் அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. சாப்பிடாமல் மட்டும் கிளம்பிப் போனான்.

ஆக, தவணையை மச்சினன் கட்டினான். கட்டுவதற்கு அவனுக்கு அந்த வேலை வேண்டும். அந்த வேலைக்கு நேரத்தில் போக வண்டி வேண்டும். வண்டியை ஓட்ட வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு முன்கூட்டி வண்டியை எடுப்பார். ஆறரைக்கு ஆலை வாசல். மச்சினன் இறங்கி உள்ளே போவான். வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி மாலை அழைக்க வந்தால் பெட்ரோல் இரட்டிப்பு, அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் மூன்று மணி வரைக்கும் அவர் அங்கேயே இருப்பார். சுற்றிலும் காலி நிலமும் கம்பி வேலியும்தான். பக்கத்தில் ஏதாவது வேலை கேட்டுக்கொண்டிருப்பதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். முதல் வாரம் ரோட்டோரக் குடோன் இரண்டில் போய்க் கேட்டார்தான். இரண்டாவது குடோனில், பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்றார்கள். தாமதம் என்று அவர் வாயால் சொல்ல வரவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

வாசலுக்கு நேரே நின்றால் துணி லாரி திரும்ப இடைஞ்சல் என்று கஞ்சி ஆள் அனுப்பினார். வண்டியைக் கழிவுநீர்க் குழாய் ஓரம் தள்ளி நிறுத்திக்கொண்டார். அங்கே சோப்பு நுரை சாக்கடையில் வெளுத்துப் போகும். ஏழு மணிக்குச் சங்கு ஊதும்போது, பட்டை ஓடத் தொடங்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அப்போது மட்டும் இரண்டு கையும் மடியில் சும்மா இருக்காது. பிறகு அடங்கிவிடும்.

மச்சினன் முதலில் முன் இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தான். வழியில் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லாமல் போனது. அப்புறம் ஒரு நாள், தூக்கம் வருகிறது மாமா, கொஞ்சம் கால் நீட்டிக்கொள்கிறேன் என்று பின்னால் போனான். மறுநாளும் பின்னால் போனான். அதற்கு மறுநாள் முதல் காரணம் சொல்லவில்லை. இஸ்திரி அக்கா வேறு யாருடனோ வரத் தொடங்கியிருந்தாள். வாசலில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், நிற்க மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிச் சங்கு ஊதி, ஆட்கள் எல்லாம் வெளியே வந்து கலைந்த பிறகும் மச்சினனைக் காணவில்லை. கால் மணி நேரம் கழித்து வேலிக்கு அந்தப் பக்கமாக, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

“மாமா, இனிமே தினம் நாலு மணி நேரம் ஓவர்டைம் போடுறாங்க. நான் சரின்னுட்டேன். தவணைக்கு ஆகும். நீங்க இருப்பீங்கல்ல?”

“எங்க போகப்போறேன் மாப்ள.”

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினான். முன்கூட்டி இருக்கையைப் பின்னால் சாய்த்துவிட்டு, பேட்டரி வீணாகாமலிருக்க வானொலியை நிறுத்தினார்.