எட்டு மணிக்குப் போன மதிப்புரை

அப்பாவின் விரல்களுக்கு இடையே ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் லிசி. விரல்கள் வளைந்து கொடுக்கவில்லை. விடிகாலை ஐந்தரைக்கு உயிர் போயிருந்தது. எடமலைப்பட்டி புதூர் வீட்டுக் கூடத்தில் பத்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது.

சகாயநாதன் பூமாலையை வைத்துவிட்டு அவளருகே வந்தார். அப்பா ஸ்தனிஸ்லாஸோடு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். இப்போது தமிழ் அறிவியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர்.

"கடைசி வரைக்கும் வேலை பாத்திருக்காரும்மா. காலைல எட்டு மணிக்கு அவரோட மதிப்புரை வந்துச்சு. மணிமேகலைன்னு ஒரு பொண்ணோட கட்டுரை. இதழ்ல போட வேண்டாம்னு எழுதியிருந்தாரு. ஸ்தனிஸ்லாஸ் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்பவே அந்தப் பொண்ணுக்கு லெட்டர் அனுப்பிட்டேன். அப்புறந்தான் எனக்குத் தகவல் தெரிஞ்சுது."

லிசியின் கை ஜெபமாலையிலேயே நின்றது.

அப்பாவின் மதிப்புரை வேலைக்கு ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தவள் அவள்தான். அப்பாவுக்குக் கண் மங்கியபோது நான்கு ஏஐ ஏஜெண்டுகளை அமைத்தாள். ஒன்று கட்டுரையைப் படிக்கும், ஒன்று கணக்கைச் சரிபார்க்கும், ஒன்று பழைய ஆய்வுகளைத் தேடும். நான்காவது அப்பாவின் நடையில் மதிப்புரை எழுதும். அதைப் பெரிய எழுத்தில் வாசித்து, பாதியை அடித்துத் திருத்தி, அவர் பொத்தானை அழுத்தினால்தான் போகும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அந்தக் கடைசிப் படியை லிசி எடுத்துவிட்டாள்; மதிப்புரைகள் தாமாகவே போயின. அவரிடம் சொல்லவில்லை.

"ஒண்ணும் வரலையா?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்பார்.

"வரலப்பா. நீங்க தூங்குங்க."

உள்ளறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். 'கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று தொடங்கியது மதிப்புரை. அப்பாவின் குரலிலேயே அது அவளுக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். மண் பரிசோதனை அட்டவணை இல்லை என்பதுதான் மதிப்புரை சொன்ன குறை. லிசி கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அட்டவணை இருந்தது. முக்கொம்புக் கரையில் பதினாறு இடங்கள், மூன்று வருடங்கள்.

சகாயநாதனை உள்ளே கூப்பிட்டாள்.

"சார், இத அப்பா எழுதல. பாக்கக்கூட இல்ல." எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இது ஒண்ணுதானாம்மா?" என்றார்.

"இல்ல சார். ஒம்பது."

திரையில் அடுத்த கட்டுரைக்கான மதிப்புரை வரிவரியாக வந்துகொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். "லிசி, பெட்டி வந்துருச்சு."

லிசி ஏஜெண்டுகளை நிறுத்தினாள். 'ஆனாலும், இந்த மாணவர்' என்பதோடு வரி நின்றது.