மல்லாந்து பார்த்த பூ

இடுப்பொடிந்து சன்னலோரம் படுத்திருந்த மனைவிக்காகக் கொத்தனார், சன்னலுக்கு வெளியே தோட்டத்தில் ஆசையாசையாகப் பூந்தொட்டிகளைத் தொங்கவிட்டார்.

"ஏங்க, பூவெல்லாம் மேகத்துக்கா வாங்கினீங்க? எனக்குத் தொட்டியோட அடிதான் தெரியுது," என்றாள் அவள்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் நர்சரியில், தொங்கிய தொட்டிகளுக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்.

நர்சரிக்காரர் பதறி ஓடி வந்தார். "அண்ணே, தலை சுத்துதா?"

"இல்லப்பா. எங்க வீட்டுக்காரி படுத்துக்கிட்டு இப்படித்தான் பார்ப்பா. வெயில் தாங்கி, கீழ வழிஞ்சு பூக்கிறது எதுப்பா?"

நர்சரிக்காரர் சிரிக்கவில்லை. வெயிலில் விரிந்து விளிம்பெல்லாம் வழிந்த பத்துமணிப்பூத் தொட்டியைக் கழற்றி, அவர் முகத்துக்கு மேலே பிடித்தார்.

"இது தெரியுதாண்ணே?"

"நல்லாத் தெரியுது. இன்னும் கொஞ்சம் இறக்கு. அவளுக்குக் கண்ணும் மங்கல்."