மூன்றடித் தொட்டிக்கு ஒரு தாங்கியும் மூடியும்

என் தம்பி குணசீலன் எங்கள் வீட்டு மீன்தொட்டிக்குள் குடிபோன நான்காவது நாள், குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் இருக்கும் தொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. இரண்டரை அடி உயரத்தில் மரத் தாங்கி வேண்டும். மேலே மூடி வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார்கள்.

நியாயமான கடிதம்தான்.

குணா ஒரு ஜவுளிக்கடையில் பதினான்கு வருடம் லிஃப்ட் இயக்கினான். லிஃப்ட் தானாக இயங்கக் கற்றுக்கொண்டதும் அவனை அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தான். மூன்று நாள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அதுவே அதிக இடம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மீன்கள் செத்த பிறகு தொட்டி தண்ணீரோடு சும்மாதான் கிடந்தது. மறுநாள் காலை அவன் அதற்குள் இருந்தான். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. தொட்டி மூன்றடி நீளம். அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அவன் பேசினால் பேச்சு குமிழியாக மேலே வரும். குமிழி உடையும்போதுதான் சொல் கேட்கும். அவனோடு பேசப் பொறுமை வேண்டும்.

"மூடி அவசியம் வேணுமாண்ணே?"

"ரூல்ஸ்டா."

"லேசான மரத்துல செய்ண்ணே. நான் உள்ளேருந்து தள்ளித் திறக்கணும்ல."

"பார்க்கலாம்."

மரக்கடையில் லேசான மரமும் இருந்தது. தேக்கு பார்வையாக இருக்கும் என்று தேக்கு வாங்கினேன்.

பால்கனியில் வேலையை ஆரம்பித்தேன். ஹாலில் தொட்டியை அளந்துவிட்டுப் பால்கனிக்குத் திரும்ப, முதல் நாள் பத்து எட்டு வைத்தால் போதுமாக இருந்தது. இரண்டாம் நாள் அரை மணி நேரம் ஆனது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். போய்ச் சேர்வதற்குள் அளவு மறந்துவிட்டது. திரும்பிப் போய் அளந்தால் தொட்டி அரை அங்குலம் குறைந்திருந்தது. குணா முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு இடைஞ்சல் இல்லண்ணே. உனக்கு?"

டேப்பைச் சுருட்டினேன்.

நான்கு கால்கள். குறுக்கே ஆறு சட்டங்கள். மேலே கனமான பிளைவுட். மூடிக்குப் பின்பக்கம் இரண்டு கீல், உள்ளே ஒரு விளக்கு, காற்றுக் குழாய்க்கு ஒரு துளை. மூன்று முறை வார்னிஷ் அடித்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை.

வியாழக்கிழமை தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. தண்ணீரோடு தூக்க முடியாது. நானும் என் மனைவி அரசியும் வாளியால் மொண்டு வெளியேற்றினோம். தண்ணீர் இல்லாத தொட்டியில் குணா கைகளால் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"குளிருதுண்ணே" என்றான். குமிழி இல்லாமல் கேட்ட குரல். பழைய குரல்.

அரசி என் பக்கம் குனிந்தாள். "இப்பவாவது வெளிய வரச் சொல்லுங்களேன். நீங்க கூப்பிட்டா வருவாரு."

கூப்பிட்டிருக்கலாம். நான் ரசமட்டத்தைத் தாங்கியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டம் மிகச் சரியாக இருந்தது. அதைச் சொன்னேன். அரசி ஒரு முனையைப் பிடித்தாள். அவனோடு சேர்த்தே தூக்கி வைத்தோம். கனமே இல்லை. பிறகு தண்ணீரை ஊற்றினோம்.

வெள்ளிக்கிழமை சங்கத்திலிருந்து திருமேனி என்பவர் வந்தார். தாங்கியைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார்.

"வேலை சுத்தம் சார். இதை மட்டும் நிரப்பிடுங்க."

படிவத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. உள்ளே இருப்பது எது? மூன்று கட்டங்கள். மீன். செடி. கல்.

"தம்பின்னு போடணுமே" என்றேன்.

"தம்பிக்குக் கட்டம் இல்ல சார். மீன்னா தினமும் சாப்பாடு போடணும், வாரத்துக்கு ஒரு தரம் தண்ணி மாத்தணும். செடின்னா எட்டு மணி நேரம் வெளிச்சம் காட்டணும். செய்யறீங்களான்னு நான் வந்து பார்ப்பேன்."

"கல்லுன்னா?"

"கல்லுக்கு என்ன சார் வேணும்? நானும் வர மாட்டேன்."

குணா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குமிழி அவன் வாயிலிருந்து கிளம்பியது. அது மேலே வந்து உடைவதற்குள் நான் 'கல்' கட்டத்தில் டிக் போட்டேன்.

திருமேனி கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அரசி இரண்டு இட்லியைப் பிட்டுத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்த நகலைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். தட்டோடு சமையலறைக்குத் திரும்பினாள். உள்ளே பாத்திரம் எதுவும் உருளவில்லை.

குணா நெற்றியை எடுத்தான். தொட்டியின் நடுவில் போய் உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். பிறகு அசையவில்லை. கொடுத்த வேலையை எப்போதும் சரியாகச் செய்கிறவன்.

மூடியைத் தூக்கிப் பிடித்தேன். "டேய், அந்த ஆளை அனுப்பத்தாண்டா அப்படிப் போட்டேன்" என்றேன்.

கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன். தண்ணீர் ஒரு குமிழிகூட இல்லாமல் மட்டமாக இருந்தது.

மூடியின் ஓரத்தில் ஒரு சிராய் நீட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாளை எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தேன்.