கதவைச் சாத்தாத மருமகள்

பிரிட்ஜில் ஐஸ் கட்டுகிறது என்று யார் போன் செய்தாலும் மெக்கானிக் அழகிரியிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டீர்கள் என்பான். பாதி வீடுகளில் அது உண்மையும்கூட. மீதிப் பாதியில், புத்தூர் கடையை விட்டுக் கிளம்பாமல் இருக்க அது உதவும்.

ஸ்ரீரங்கத்து வள்ளிக்கண்ணு அம்மாளுக்கும் அதையேதான் சொன்னான். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர்கள் வீட்டு ஃப்ரீசருக்கு இவனே ஃபேன் மாற்றியிருந்தான். வீட்டில் இருப்பது அந்தம்மாளும் மருமகள் ஜோதியும் மட்டும். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாமியாருக்கு முழங்கால் வலி, அடுப்படிப் பக்கம் வருவதே இல்லை. ஆக, கதவைச் சாத்தாதது யார் என்று அங்கே யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அழகிரியும் போனை வைத்ததும் மறந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, வந்தே ஆகவேண்டும் என்று அந்தம்மாள் பிடிவாதமாகக் கூப்பிட்டபோது போனான். ஃப்ரீசரின் பின்சுவர் முழுக்கக் கல்லாய் இறுகிய பனி. கீழ்த்தட்டில் பால் திரிந்திருந்தது, மாவு பொங்கிப் புளித்திருந்தது. அன்று மட்டும் அடுப்படிக்கு மெல்ல நடந்துவந்து ஒவ்வொன்றையும் காட்டி, பிறந்த வீட்டில் கதவு சாத்தக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வள்ளிக்கண்ணு கூடத்து நாற்காலிக்குப் போனார். ஜோதி பனியை உருக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

பனி கரைந்து, பின்பலகையைக் கழற்றியதும் அழகிரிக்குத் திக்கென்றது. சேரும் பனியை அவ்வப்போது உருக்கிவிடும் ஹீட்டரின் வயர் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் மாற்றிய அன்று அதைக் கழற்றியவன் அவன்தான். மாட்ட மறந்தவனும் அவன்தான். பதினெட்டு வருஷத் தொழில். காதெல்லாம் சூடாகிவிட்டது. சத்தமில்லாமல் வயரை மாட்டி, பலகையை மூடினான்.

கதவுதானே தம்பி என்று கூடத்திலிருந்து கேள்வி வந்தது.

"ஆமாங்கம்மா, கதவுதான்," என்றான். நாக்கு பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். அது பொய் என்று அவனுக்கே தெரியும்.

வாசலில் வண்டியைக் கிளப்பப் போகும்போது, அவன் விட்டுவந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஜோதி வந்தாள்.

"வயர் தொங்கினதை நானும் பாத்தேண்ணா."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அழகிரிக்கு வெட்கத்தில் உடம்பே குன்றிப்போயிற்று. செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனான். தப்பு என்னுடையதுதான், கதவில் ஒன்றுமே இல்லை, அந்தப் பெண் மேல் அநியாயமாகப் பழி போட்டுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

வள்ளிக்கண்ணு சிரித்தார்.

"அதனால என்ன தம்பி, வேலை செய்யற கைக்கு மறதி வர்றதுதான். இதுக்குப் போயி வெக்கப்படலாமா?" என்றவர் வாசல் பக்கம் திரும்பினார். "ஜோதி, தம்பி எவ்வளவு நேரமா நிக்குது, ஒரு காபி குடுக்கணும்னு உனக்காத் தோணாதா?"

ஜோதி காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் அழகிரிக்கு வாய் வரவில்லை, நிமிர்ந்து அவளைப் பார்க்கவும் முடியவில்லை.